குமுளி ஏற்றத்தில் இடிக்கிற இஞ்சின்

வலது தோள்பட்டையிலிருந்து முழங்கை வரைக்கும் சுருளிராஜனுக்குக் குத்தி எடுத்தது. முந்தின நாள் லோயர்கேம்ப் தாண்டிய குமுளி ஏற்றத்தில் வண்டி மூச்சு முட்டி நின்றுவிட, பாதித் திராட்சைப் பெட்டிகளைத் தனியாளாக வேறு வண்டிக்குத் தூக்கி மாற்றிய வலி. இடது கையாலேயே ஸ்டியரிங்கைத் திருப்பி, சின்னமனூரில் மெக்கானிக் எபனேசரின் பட்டறைக்குள் வண்டியை விட்டான்.

பழைய பெட்ரோல் பிக்கப். வாராவாரம் ஆயில் குடித்தது. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. பின்னால் நீலப் புகை மட்டும். லோடோடு ஏற்றத்தில் மிதித்தால் தகர டப்பாவுக்குள் கூழாங்கல் குலுக்குகிற சத்தம். கம்பத்தில் பார்த்த மெக்கானிக்குகள் இஞ்சினைக் கழற்றி இறக்கிவிடு என்றார்கள். இறக்கினால் அறுவடை முடியும்வரை வண்டி படுத்துவிடும். இன்று சாயங்காலம் லோடு மேலே வராவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வேன் என்று குமுளி வியாபாரி காலையிலேயே சொல்லிவிட்டார். சோறே அந்த லோடில்தான்.

இதற்கெல்லாம் யார் காரணம் என்று சுருளிராஜன் எப்போதோ முடிவு கட்டியிருந்தான். மனைவி கயலின் தம்பி விஜய்பாண்டி. ஒருநாள் விட்டு ஒருநாள் வண்டி ஓட்டியவன். “மிதிச்சே கொன்னுட்டான். ஆயிலையும் வித்துத் தின்னுட்டான் களவாணிப்பய” என்று லோடுமேன்கள் முன்னால் கத்தியதில், அவன் சாவியைப் பானட்டின்மேல் வைத்துவிட்டுப் போனவன் திரும்பவில்லை.

“பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போயிருச்சுன்னு எல்லாரும் சொன்னாக தம்பி” என்றான் எபனேசரிடம்.

“எல்லாரும் சொல்லிட்டாகன்னா பெறகு எங்கிட்ட எதுக்குண்ணே வந்தீக? சாமி கும்பிடவா?”

எபனேசர் பிளக்குகளைக் கழற்றினான். முனையெல்லாம் ஈரக் கரி. சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜைச் செருகிவிட்டு, “அடிங்கண்ணே செல்ஃப” என்றான். முள் விறுவிறுவென்று ஏறியது. அடுத்த சிலிண்டர், அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் முள் அதே இடத்தில் போய் நின்றது.

“ரிங்கு கல்லு மாதிரி இருக்குண்ணே!”

“அப்ப ஆயில் எங்கனடா போகுது?”

சுருளிராஜனுக்குத் தோள்வலி மறந்துபோயிற்று. இரண்டு பேரும் பானட்டுக்குள் தலையைக் கொடுத்தார்கள். இஞ்சினுக்குக் காற்று போகிற ரப்பர் குழாயைக் கழற்றி எபனேசர் விரலை விட்டான். விரல் கறுத்து, சொட்டச் சொட்ட வந்தது.

“இந்தா இருக்கான் திருடன்! காத்து போற வழியில ஆயிலுக்கு என்ன சோலி? இஞ்சின் ஆவிய விடுற சின்னக் குழாய் இருக்குல்ல, அது வழியா உறிஞ்சுது. எதுக்கு இப்பிடி உறிஞ்சுது?”

ஃபில்டர் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஃபில்டரைக் காணோம். மஞ்சள் அப்பிய துணி உருண்டை ஒன்று இருந்தது.

“ஆத்தாடி, என்னண்ணே இது? பொணத்துக்குக் கட்டுன மாதிரி!”

சுருளிராஜன் அந்த உருண்டையைக் கையில் வாங்கினான். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைக் கொடிக்குக் கந்தகப் பவுடர் அடிக்கிற சமயத்தில், தோட்டத்துக்குள் போகிற வண்டிகளின் ஃபில்டருக்கு லுங்கித் துணி சுற்றுவார்கள். பவுடர் அடித்து முடித்ததும் எடுத்துவிடுவார்கள். “நான் எடுக்கல. ஆயில் கொறையக் கொறைய, தூசி உள்ள போயி இஞ்சினத் தின்னுதுன்னு நெனச்சேன். பழசுக்கு மேலயே இன்னொரு சுத்துச் சுத்துனேன்.”

“நல்லாச் சுத்துனீக! மூக்கப் பொத்துனா அது எங்கிட்டுத்தான் மூச்சு விடும்? ஆயிலச் சேத்து இழுத்துருக்கு. பெட்ரோலோட ஆயிலும் எரிஞ்சா பொகைதான். உள்ள கரி கட்டிச் சூடேறி, நேரங்கெட்ட நேரத்துல வெடிக்குது. அதான் அந்தக் கூழாங்கல்லு.”

குழாயைக் கழுவினார்கள். கரியைக் கரைக்க மருந்து அடித்தார்கள். புது ஃபில்டர், புது பிளக். சின்னக் குழாயின் முனையை ஒரு பாட்டிலுக்குள் விட்டுக் கட்டினான் எபனேசர், எவ்வளவு ஆயில் வருகிறதென்று பார்க்க. ஓடைப்பட்டியில் பெட்டிகளை ஏற்றியதும் அவனும் தாவி ஏறிக்கொண்டான். “இதப் பாக்காம எனக்குச் சோறு எறங்காது.”

லோயர்கேம்ப் தாண்டி, வழக்கமாகச் சத்தம் கிளம்புகிற வளைவு வந்தது. “மிதிங்க!” மிதித்தான். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். இஞ்சின் உறுமியது. கூழாங்கல் இல்லை. கண்ணாடியில் பார்த்தான், புகை இல்லை.

“மிதிங்கண்ணே, இன்னும் மிதிங்க!” எபனேசர் கதவைத் தட்டித் தட்டிக் கூச்சல் போட்டான். சுருளிராஜனும் சேர்ந்து ஊளையிட்டான். முன்னால் திணறிய ஜீப்பை ஒதுக்கி முந்தினார்கள். கடைசி வளைவில் மட்டும் லேசாக இரண்டு தட்டுத் தட்டியது.

“மிச்சக் கரி. ஓட ஓடப் போயிரும்.”

குமுளியில் இறங்கிப் பாட்டிலைப் பார்த்தார்கள். அடி நனையக்கூட இல்லை. வியாபாரி பெட்டிகளை எண்ணி எடுத்துக்கொண்டு, நாளைக்கும் வரச் சொன்னார்.

சுருளிராஜன் அந்த வேகத்திலேயே விஜய்பாண்டிக்குப் போன் போட்டான். “மாப்ள, வண்டி ஏறிருச்சுடா! ரிங்கு இல்ல, ஒரு எழவும் இல்ல. ஃபில்டர்ல நாஞ்சுத்துன துணி!”

“ஏறிருச்சா மச்சான்? சரி” என்றான் விஜய்பாண்டி.

சுருளிராஜன் ஏற்றத்தைப் பற்றி, பாட்டிலைப் பற்றி, முந்திய ஜீப்பைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னான். வாய்வரை வந்த அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாமல் போனை வைத்தான். பத்துப் பேர் முன்னால் களவாணி என்று சொன்னதற்கு, அதே பத்துப் பேர் முன்னால் விஜய்பாண்டியிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.