முதல் சுற்றில் பேச்சில்லை

வலது காலில் ஷூ ஏறிவிட்டது. இடது கால்தான் அடம்பிடித்தது. நாடாவை முழுக்க உருவிவிட்டு, அக்காவின் குதிகாலைத் தன் முழங்காலில் தாங்கி, ஞானசௌந்தரி பைய அழுத்தினாள். "காலைக் கொஞ்சம் குடேன்க்கா" என்றாள்.

சவப்பெட்டியோடு வந்த வெள்ளைக் காலுறை பிரிக்காமல் நாற்காலியில் கிடந்தது.

"ஆண்டவர் சந்நிதிக்குப் போறவளுக்கு ஓட்டப்பந்தய ஷூவா?" என்று சொந்தக்காரி ஒருத்தி முனகினாள்.

"நடந்து போகட்டும். இவ என்னைக்குக் கார்ல போயிருக்கா?" என்றாள் ஞானசௌந்தரி.

ஷூ ஏறியது. நாடாவை இழுத்து இரட்டை முடிச்சாகப் போட்டாள். நேற்றுக் காலை இதே நாடாவைக் கட்டத்தான் அக்கா பிரிஸில்லா வீட்டு வாசலில் குனிந்தாள். பிறகு நிமிரவில்லை.

பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் அவளுக்கு 'லைஃப் கோச்' வேலை. பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்கிற வேலை. கல்யாணமே கட்டாதவள் யாருக்கு வாழ்க்கையைச் சொல்லிக் கொடுக்கப் போகிறாள் என்று சொந்தபந்தம் சிரித்தது. கல்லூரி ஏசி அறை கொடுத்தது. அவள் அதில் தன் குடையை மட்டும் வைத்தாள். மனசு சரியில்லை என்று வருகிற பிள்ளையை மைதானத்துக்குக் கூட்டிப்போய்ச் சுற்றி நடப்பாள். முதல் சுற்றில் பேச்சு கிடையாது. இரண்டாவது சுற்றில் பிள்ளை பேசலாம். அவள் வாய் திறக்க மாட்டாள். "எதிர உக்கார வச்சுக் கேட்டா போலீஸ் விசாரணை. பக்கத்துல நடந்தா வார்த்தை தானா வரும்" என்பாள்.

அப்படி ஓர் இரண்டாவது சுற்றில்தான் ஸமீஹா என்ற மாணவி, ஒரு பேராசிரியர் தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னாள். புகார் கொடுக்க அவள் துணிந்தபோது பிரிஸில்லா கூட நின்றாள். அந்தப் பிள்ளையிடம் பேசி வாபஸ் வாங்க வை என்றது நிர்வாகம். முடியாது என்றாள். வேலை போயிற்று.

வாசலில் சலசலப்பு. கல்லூரி மேலாளர் தாணுமாலையன் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். யாரிடமும் முகம் சுளித்ததில்லை.

"கரஸ்பாண்டன்ட் ஐயா குடுத்து விட்டாங்கம்மா. ரொம்ப வருத்தப்பட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "ஊர்வலம் காலேஜ் ரோட்டு வழியா வேண்டாம். பைபாஸ்ல போயிருங்க. பிள்ளைகளுக்கு இன்னைக்கு டெஸ்ட் வச்சு, கேட்டையும் பூட்டியாச்சு."

"பிள்ளைக அவ முகத்தப் பாக்கக் கூடாதா?"

"அழுவாங்க. கோஷம் போடுவாங்க. நமக்கு எதுக்கு வம்பு? நம்ம கிங்ஸ்டன் தம்பிக்கும் அடுத்த மாசம் வேலை நிரந்தரமாகணும்லா?"

கிங்ஸ்டன் ஞானசௌந்தரியின் மகன். அதே கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். கணவன் போனபின் அந்த வேலையை நம்பித்தான் வீடு ஓடுகிறது. ஞானசௌந்தரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பயமும் இருந்தது, இல்லை என்றால் பொய். மகனைப் பார்த்தாள்.

அவன் பெரியம்மாவின் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாசலுக்குப் போய் வண்டிக்காரரிடம், "அண்ணாச்சி, வண்டி வேண்டாம். தோள்ல தூக்கிட்டுப் போறோம். காலேஜ் ரோடு வழியா" என்றான்.

"ஏலே, யோசிச்சுத்தான் சொல்லுதியா?"

"நடந்து போகட்டும்னு நீதானம்மா சொன்ன."

ஞானசௌந்தரி எழுந்தாள். மலர்வளையத்தைத் தூக்கித் தாணுமாலையன் கையிலேயே திரும்பக் கொடுத்தாள். "இத உங்க கேட்டுல மாட்டுங்க. நெசமாச் செத்தது உங்க காலேஜ்தான்."

பெட்டியின் மூடியையும் அவள் போட விடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றுவிட்டாள். முன்னால் வேதப்புத்தகத்தோடு சபை ஐயர், பின்னால் கீர்த்தனை பாடிக்கொண்டு ஊர்வலம். கல்லூரி கண்ணில் பட்டதும் அவள் ஐயரை நெருங்கினாள்.

"பாட்டை நிறுத்தச் சொல்லுங்க ஐயரே. இங்கன பேச்சுமூச்சு கூடாது."

ஐயர் ஒரு கணம் விழித்தார். பிறகு கையை உயர்த்தினார். பாட்டு நின்றது.

கேட்டில் பெரிய பூட்டு. அதைத் தாண்டினால் மைதானம், அதைச் சுற்றிக் கம்பி வேலி, வேலியை ஒட்டி வெளிப்பக்கம் ஒரு மண்பாதை. கிங்ஸ்டன் முன்பக்கம் தோள் கொடுத்திருந்தான். அம்மாவிடம் கேட்காமலே மண்பாதையில் திரும்பினான்.

பரீட்சைக் கூடத்திலிருந்து முதலில் ஸமீஹா வெளியே வந்தாள், தலையில் துப்பட்டாவோடு. அவள் பின்னால் நான்கைந்து பேர். பிறகு கூடமே காலியானது. ஒரு பையன் கோஷம் போட வாயெடுத்தான். ஸமீஹா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டான். வேலிக்கு உள்ளே பிள்ளைகள், வெளியே பெட்டி. பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள்.

தாணுமாலையன் போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டுக்கும் வேலிக்கும் அலைந்தார். முதல்வர் வராந்தாவில் நின்று கிங்ஸ்டனைப் பார்த்தார். கிங்ஸ்டனும் அவரைப் பார்த்தான். தோளை மாற்றச் சொல்லி ஒருவர் வந்தபோது வேண்டாமென்று தலையசைத்தான். வாகை மரத்தடியில் வழி குண்டும்குழியுமாக இருந்தது. பெட்டி லேசாக ஆடியது. ஷூ நுனிகள் இரண்டும் ஆடின.

ஒரு சுற்று முடிந்து, கேட்டுக்கு வந்தார்கள். ஐயர் கல்லறைத் தோட்டத்துச் சாலையைக் கைகாட்டினார். ஞானசௌந்தரி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மறுபடியும் மண்பாதையில் இறங்கினாள். பெட்டி அவள் பின்னால் திரும்பியது.

கம்பிக்கு அந்தப் பக்கம் ஸமீஹா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மேடம்," என்றாள், நேராக முன்னே பார்த்தபடி. "நேத்து மறுபடியும் கூப்பிட்டு வாபஸ் வாங்கச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன்."

பெட்டியிலிருந்தவள் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டே போனாள்.