நீ தொட்டுச் சொல்லு

கல்லூரி முடித்த கையோடு சொந்தமாக ஒரு வலைப்பூ தொடங்கி, அதில் ‘வணக்கம்’ என்று ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டு எழுந்து போனவள் அவள். அந்த வணக்கத்துக்கு யாரும் பதில் வணக்கம் சொல்லவில்லை. அவளும் அடுத்த சொல்லை எழுதவில்லை.

எழுதத் தெரியாதவள் என்றால்கூட அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். எழுத்துதான் அவளுக்குச் சம்பளம். நேரமில்லாத பெரிய மனிதர்களுக்கு அவர்கள் பெயரில் வலைப்பூ எழுதிக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. பல் டாக்டரின் ‘மனம் திறந்து’, கட்டடக் காண்டிராக்டரின் ‘நான் நடந்து வந்த பாதை’ எல்லாம் அவள் கைவண்ணம். காண்டிராக்டர் காரைவிட்டு இறங்கியே யாரும் பார்த்ததில்லை. ‘எழுத ஊக்கம் வரவில்லையா?’ என்றுகூட யாருக்கோ ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்திருக்கிறாள். சன்னலோரம் உட்காருங்கள், தேநீர் அருந்துங்கள், பறவைகளின் குரலுக்குக் காது கொடுங்கள். அவள் வீட்டுச் சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய். மாடியில் யாராவது குளித்தால் அதன் குரல் பிரமாதமாகக் கேட்கும். எழுதச் சொல்லி ஊருக்கு உபதேசம் செய்கிற எல்லாருக்கும் வீட்டில் பறவை வரும் சன்னல் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்து நினைத்தே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா வேலைக்குக் கிளம்பியதும், வீம்புக்கு உட்கார்ந்து எழுதினாள். லேப்டாப் கம்பெனியுடையது என்பதால் அதைத் தொடவில்லை. கீறல் விழுந்த தன் போனிலேயே எழுதினாள். அம்மாவைப் பற்றி.

அம்மாவுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. நீராவி கக்கும் உருளையிலிருந்து வரும் விரிப்புகளை வெறுங்கையால் பிடித்து இழுத்து மடிக்க வேண்டும். இழுத்து இழுத்து விரல்நுனியெல்லாம் மரத்துப்போய்விட்டது. சின்ன வயதில் அவளைக் குளிப்பாட்டும்போது அம்மா வாளித் தண்ணீரில் கையை விட்டுப் பார்ப்பாள். ஒன்றும் தெரியாது. “சூடா இருக்கா? நீ தொட்டுச் சொல்லு” என்பாள். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைக்கமாட்டாள். கன்னத்தை வைத்துத்தான் பார்ப்பாள்.

எழுதி முடித்தாள். உடனே வெளியிட்டிருக்கலாம். ஆனால் கம்பெனிப் பழக்கம் விடுமா? அங்கே ‘காப்பி செக்’ போடாமல் ஒரு வரி வெளியே போகக்கூடாது. எழுதியதை அதில் கொட்டினால், வேறெங்காவது ஏற்கெனவே வந்த வரிகளைச் சிவப்பில் காட்டும். அனிச்சையாகக் கொட்டினாள். பக்கம் முழுக்கச் சிவந்தது. கீழே, எங்கிருந்து திருடியது என்ற விவரமும் இருந்தது. அம்மா வேலை செய்யும் அதே ஹோட்டலின் முதலாளியம்மாவுடைய வலைப்பூ, ‘என் அம்மாவின் கைகள்’.

அதையும் எழுதிக் கொடுத்தது அவள்தான், மறந்துபோன விஷயமில்லை. மேடத்தின் அப்பாவுக்கே மூன்று ஹோட்டல். ஆனாலும் எடிட்டர் சொல்லியிருந்தார், “மேடம் கஷ்டப்பட்டு மேல வந்தவங்க மாதிரி இருக்கணும். உங்க வீட்டுல கஷ்டம் இருக்கும்ல? அதுல ரெண்டை எடுத்துப் போடு.” சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார். வீட்டில் கஷ்டம் இருந்தது. எடுத்துப் போட்டாள். இன்று தன் பெயரில் எழுதினால் வேறு மாதிரி வரும் என்று நம்பினாள். அம்மா ஒருத்திதானே, அதே வார்த்தைகள்தான் வந்து விழுந்திருந்தன.

எடிட்டரைக் கூப்பிட்டாள்.

“சார், ஹோட்டல் மேடம் பிளாக்ல அந்த அம்மா கட்டுரையை எடுத்துடுங்க.”

“ஏம்மா, ஞாயித்துக்கிழமை அதுவுமா உனக்கு வேற வேலை இல்லையா? அதுலயே அது ஒண்ணுதான் நல்லா ஓடுது.”

“அது எங்க அம்மா சார்.”

“யார் அம்மாவா இருந்தா என்னம்மா? அம்மான்னா எல்லாம் ஒண்ணுதான்.”

“அப்ப உங்க அம்மாவைப் போட்டிருக்கலாமே.”

எடிட்டரின் குரல் மாறியது. “சம்பளம் வாங்கிட்டு எழுதினது கம்பெனி சொத்து. அதை இப்ப நீ உன் பிளாக்ல போட்டா, திருடினது நீதான். புரியுதா? வேற ஏதாவது எழுது. பூனை வளர்க்கிறியா? பூனையைப் பத்தி எழுதேன்.”

போனைக் கட்டிலில் எறிந்தாள். ஆத்திரத்தில் உதைத்த வாளி உருண்டுபோய்க் கதவில் மோதி நின்றது. அம்மா வரும்வரை அதை அவள் நிமிர்த்தவில்லை.

அம்மா பேசிக்கொண்டேதான் உள்ளே வந்தாள். “ஏண்டி, வாளி ஏன் இப்படி விழுந்து கிடக்கு? இன்னைக்கு எங்க கூடத்துல ஒரே கூத்து. சுவத்துல மேடம் படம் போட்டு இம்மாம் பெரிய போஸ்டர். சூப்பர்வைசர் எல்லாரையும் நிக்க வெச்சுப் படிச்சுக் காட்டுறான். மேடத்தோட அம்மா கையும் நம்ம கை மாதிரிதானாம். தண்ணி சூடா இருக்கான்னு பிள்ளையைத் தொட்டுச் சொல்லச் சொல்லுவாங்களாம். பாவம், எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.”

“அம்மா, நிறுத்து. அது நீ. எழுதினது நான்.”

அம்மா பையைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றாள்.

“உனக்குன்னு இருக்கிறது ஒரு அம்மா. அவளையும் தூக்கி அந்தப் பொம்பளைக்குக் கொடுத்துட்டியா?”

அவள் தலையைத் தூக்கவில்லை. அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மாவின் குரல் தணிந்துதான் வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

“கையுறை கேட்டோம்டி. போன வருஷத்துலேருந்து கேக்குறோம். பட்ஜெட் இல்லைன்னான். எப்படியும் ஒரு நாள் தருவான்னு, தந்தா மாட்டி வைக்கலாம்னு, நாங்களே சுவத்துல வரிசையா ஆணி அடிச்சு வெச்சோம். அந்தப் போஸ்டரை எதுல மாட்டியிருக்கான் தெரியுமா? அந்த ஆணியில.”

அவள் போனை எடுத்தாள். இந்த முறை சொல் தேடவேண்டியிருக்கவில்லை. ஹோட்டல் பெயர், மேடம் பெயர், மறுத்த கையுறை, ஆணியில் தொங்கும் போஸ்டர், அதிலிருக்கும் அம்மா யாருடைய அம்மா, எழுதியது யார், எழுதச் சொன்னது யார் எல்லாம் ஒரே மூச்சில் இறங்கின. காப்பி செக் போட்டாள். ஒரு புள்ளி சிவப்பு இல்லை. இதை இதுவரை யாரும் எழுதியிருக்கவில்லை.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

“இது வெளிய போனா உன் வேலை போயிடும். என் வேலையும் போயிடும்,” என்றாள் அம்மா.

“தெரியும். உன் பொழப்பும் இதுல இருக்கு. போடட்டுமா வேண்டாமா, நீயே சொல்லு.”

“ஆணி அடிச்சது நாங்கதான்னு எழுதியிருக்கியா?”

“எழுதியிருக்கேன்.”

“கொண்டா இங்க. எங்க அமுக்கணும்?”

மகள் காட்டிய இடத்தில் அம்மா விரலை வைத்தாள். எதுவும் நடக்கவில்லை. தேய்ந்து காய்ந்த விரல்நுனியைப் போன் கண்டுகொள்ளவில்லை. மறுபடி அமுக்கினாள்.

“இந்தச் சனியனுக்குக்கூட என் விரல் தெரியலையாடி?”

“நான் அமுக்கவா?”

“நீ சும்மா இரு.”

அம்மா விரலை மடக்கினாள். பூட்டிய கதவைத் தட்டுகிற மாதிரி, முட்டியால் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

போய்விட்டது.