நல்லபடியாக வளர்க்கப்பட்டவள்

"ஜன்னலையெல்லாம் திறடா! இன்னும் அகலமா!" என்று பிபாலுக் தன் தம்பியை விரட்டினாள்.

வெளியே குளிர்காற்று ஊசியாய்க் குத்தியது. அக்காலுக் மறுபேச்சில்லாமல் திறந்துவிட்டான். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த சீல் என்னும் கடல்நாயின் இறைச்சியில் அவன் மனைவி ஆர்னாக் முந்தின நாள் சூப் வைத்திருந்தாள். அந்த வாசனை திரைச்சீலை வரைக்கும் ஏறியிருந்தது. கிரீன்லாந்தில் எங்கள் பக்கம் இந்த வாசனை வந்தால் அக்கம்பக்கத்தார் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். டென்மார்க்கின் இந்தத் துறைமுக ஊரிலோ, பிள்ளை வளர்க்க லாயக்கில்லாத வீடு என்று சொல்லிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டியிருந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. நகர அலுவலகம் அனுப்பும் மனநல நிபுணர் மெரெட்டே இன்னும் சற்று நேரத்தில் வரப்போகிறாள். ஏற்கெனவே இரண்டு தடவை வந்து போய்விட்டாள், இன்றைக்குக் கடைசி. கைக்குழந்தை நுக்கா தாயிடமே இருக்கலாமா, இல்லை ஏதாவது டேனிஷ் குடும்பத்திடம் கொடுத்துவிடலாமா என்று அதற்குப் பிறகு அவள் சொல்வாள்.

ஆர்னாக் பிள்ளையை அடித்தவளும் இல்லை, பட்டினி போட்டவளும் இல்லை. பிரசவத்துக்குப் போன இடத்தில், "இந்தப் பொண்ணு பேசவே மாட்டேங்குது, எது கேட்டாலும் முகத்தைச் சுளிக்குது" என்று யாரோ சொல்லப்போய் வந்த வினை இது. எங்களில் ஆமாம் என்றால் புருவம் உயரும், இல்லையென்றால் மூக்கு சுருங்கும். அதற்கு மேல் எதற்கு வாய்? டேனிஷ்காரர்களுக்கோ வாயைத் திறந்தால்தான் பதில்.

போன தடவை இன்னும் மோசம். ஆர்னாக்கின் தகப்பன் நுக்கா, பனிக்கட்டி உடைந்து கடலில் போனவர். அடுத்துப் பிறந்த இந்தக் குழந்தைக்கு அவர் பெயரை வைத்தார்கள். பெயர் வந்தால் ஆளும் வந்த மாதிரிதான், பெண்ணாய்ப் பிறந்தாலும் சரி. அதனால் ஆர்னாக் தன் மகளை 'அப்பா' என்றுதான் கூப்பிடுவாள். வேறு மாதிரி கூப்பிடுவது செத்தவருக்கு மரியாதை இல்லை. அதைக் கேட்ட மெரெட்டே, "இந்தக் குழந்தை உங்க அப்பாவா?" என்று தன்மையாகத்தான் கேட்டாள். ஆர்னாக் புருவத்தை உயர்த்தினாள். தாய்க்குத் தகப்பன் யார், பிள்ளை யார் என்ற தெளிவே இல்லை என்று மெரெட்டே முடிவு கட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து ஆர்னாக்குக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. வாசலில் கார் சத்தம் கேட்டாலே பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொள்வாள்.

பிபாலுக் அவளுக்கு நாத்தனார், வயது ஐம்பதைத் தொட்டவள். நாலு வயதில், நன்றாகப் படிக்கட்டும் என்று சொல்லி அதிகாரிகள் இங்கே ஒரு டேனிஷ் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். திரும்பிப் போகவே இல்லை. எங்கள் மொழி அவளுக்கு ஒரு வார்த்தை வராது. தம்பியிடம்கூட டேனிஷ்தான். இந்த ஊரில் எப்படி நடந்துகொண்டால் பிழைக்கலாம் என்பது மட்டும் அவளுக்கு அத்துப்படி.

"நான் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்றாள்.

ஆர்னாக் புருவத்தை உயர்த்தினாள்.

"பாத்தியா, பாத்தியா! வாயைத் திறந்து சொல்லுடி!"

"இருக்குக்கா."

"சிரிச்ச முகமா இரு. அவ கண்ணைப் பாத்துப் பேசு. பிள்ளைகிட்ட டேனிஷ்ல ஓயாம பேசிட்டே இரு. அப்பாங்கற பேச்சே எடுக்கக் கூடாது. மூஞ்சியில மூக்கை வச்சு மோந்து பாக்கறதும் கூடாது, ஆமா."

"அப்ப எப்படிக்கா கொஞ்சறது?"

"கன்னத்துல முத்தம் குடு. இவங்கள்லாம் அப்படித்தான் கொஞ்சறாங்க. பிள்ளைங்க வளராமலா போச்சு?"

அழைப்பு மணி அடித்தது. அக்காலுக் போய்க் கதவைத் திறந்தான்.

மெரெட்டே கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் திட்டியாவது ஆறியிருக்கலாம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், காப்பிக்கு நன்றி சொன்னாள், குழந்தையைப் பார்த்து மனதாரச் சிரித்தாள். "நான் இருக்கிறதையே மறந்துடுங்க. எப்பவும் போல இருங்க, போதும்" என்று மூலையில் உட்கார்ந்தாள்.

எப்பவும் போல இருப்பது ஒன்றுதான் அந்த வீட்டில் கூடாத காரியம். ஆர்னாக் கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டினாள். "அடடே, யாரு இது? இந்த வீட்டு ராணியா? கையைக் காட்டு பாப்போம்!" என்று டேனிஷில், தன் குரலே இல்லாத ஒரு கீச்சுக் குரலில் ஆரம்பித்தாள். நுக்கா அவளை உற்றுப் பார்த்தது. உதடு பிதுங்கியது. பிறகு வீரிட்டது.

தூக்கினாள், தோளில் போட்டாள், கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். பேச்சை நிறுத்தவில்லை, நாத்தனார் சொல்லிக்கொடுத்த சிரிப்பையும் கைவிடவில்லை. குழந்தை முதுகை வளைத்துக்கொண்டு கதறியது. மெரெட்டேயின் பேனா ஓடியது. அக்காலுக் எழப்போனான். 'உட்காருடா' என்று அக்காவின் கண் மிரட்டியது. போன தடவை அவன் குறுக்கே வந்து தூக்கியதற்கு, தாயால் சமாளிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அழுகை ஏறிக்கொண்டே போனது. ஆர்னாக் ஒரு கட்டத்தில் எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். போவது போகட்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். குழந்தையின் கன்னத்தில் மூக்கை அழுத்தி மூச்சை உள்ளே இழுத்தாள். அடிக்குரலில், எங்கள் மொழியில், இரண்டே வரி பாடினாள். எங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கே அதற்கென்று கட்டிய கொஞ்சல் பாட்டு உண்டு, ஒருவருடையதை இன்னொருவருக்குப் பாட மாட்டோம். "அப்பா, அப்பா" என்று அதில் இரண்டு இடத்தில் வந்தது. கதறல் விம்மலாகி, விம்மல் விக்கலாகி அடங்கியது. நுக்கா தாயின் காதைப் பிடித்துக்கொண்டது.

மெரெட்டே பிபாலுக்கிடம் குனிந்தாள். "இப்ப என்ன பாடினாங்க? உங்க மொழிதானே, கொஞ்சம் சொல்லுங்களேன்."

"எனக்குத் தெரியாது" என்றாள் பிபாலுக். "நாலு வயசுலயே இங்க கொண்டுவந்துட்டாங்க."

"ஓ, அதான்! உங்க டேனிஷ் அவ்வளவு அழகா இருக்கு. உங்களை ரொம்ப நல்லபடியா வளர்த்திருக்காங்க."

இதே பாராட்டை ஆயுசு முழுக்கக் கேட்டுப் பூரித்தவள் பிபாலுக். இன்றைக்கு அது சுருக்கென்று தைத்தது. அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் இப்படி ஒண்ணு இருந்துச்சாடா?"

அக்காலுக் தரையைப் பார்த்தான். "எதுக்குக்கா இப்ப?"

"கேக்கறேன்ல!"

"இருந்துச்சு. அம்மா மீன் கழுவும்போதெல்லாம் உன்னுதைத்தான் பாடும். எனக்குப் பாடினது வேற. இது யாரோடதும்மான்னு கேட்டா, அடுத்த கப்பல்ல வரப்போறவளோடதுன்னு சொல்லும். சாகிற வரைக்கும் பாடிட்டு இருந்துச்சு. உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் நான் வாயைத் திறக்கலை."

"பாடு."

பாடினான். அவள் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. "அர்த்தம்?" என்றாள்.

"'என் சப்பை மூக்கி, பனியைத் தின்னுட்டுப் பசிக்குதும்பா'ன்னு வரும்."

பிபாலுக் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். வந்தது அழுகை. தன் அம்மா தனக்கென்று பாடிய பாட்டை ஐம்பது வயதில் டேனிஷில் மொழிபெயர்த்துக் கேட்க வேண்டியிருந்ததே என்று அவளுக்கு நெஞ்சு வெந்தது. மெரெட்டே பேனாவை மூடி, கைக்குட்டையை நீட்டினாள். பிபாலுக் அதை வாங்கவில்லை.

"என்னை யாரும் அடிக்கலை. நல்ல சட்டை, நல்ல பள்ளிக்கூடம், எல்லாம் குடுத்தாங்க. உன் நல்லதுக்குத்தான்னும் சொன்னாங்க. அந்த நல்லதுல ஒரு தாய் கப்பலைப் பாத்துப் பாத்தே செத்துப்போனா. இன்னிக்குக் காலையில இந்தப் பொண்ணுக்குச் சிரிக்கச் சொல்லிக்குடுத்ததும் நான்தான். பிள்ளை பயந்து கத்தினது அவளைப் பாத்து இல்லைம்மா. அவ மூஞ்சியில என்னைப் பாத்துட்டுத்தான் கத்துச்சு."

மெரெட்டே தாயின் காதைப் பிடித்திருந்த குழந்தையைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். "மொழி தெரிஞ்ச ஒருத்தரை வச்சுக்கிட்டு, மறுபடியும் முதல்லேருந்து பாக்கணும்னு மேல சொல்றேன். ஒத்துக்குவாங்களான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

"அதுவரைக்கும் பிள்ளை?" என்று ஆர்னாக் கேட்டாள்.

"உங்ககிட்டதான்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மெரெட்டே தயங்கினாள். "பிள்ளைங்க நல்லா இருக்கணும்ங்கறதுதான் எங்க எண்ணமும். அதை நீங்க நம்பணும்."

"நம்பறேன்" என்றாள் பிபாலுக். "என்னைக் கூட்டிட்டு வந்தவங்களுக்கும் அதே எண்ணம்தான். ஆனா ஒரு பிள்ளையை அதோட ஆளுங்ககிட்டேருந்து பிடுங்கி உங்களை மாதிரி ஆக்கினா, அதுக்குப் பேரு வளர்ப்பு இல்லைம்மா. ஒரு ஜனத்தைச் சத்தமில்லாம அழிக்கிறதுன்னு பேரு."