கீரை போதும்

செசிலி ஒரு காரியத்தை முடிவு செய்ய வேண்டுமென்றால் மூன்று பேரிடம் கேட்பாள். முதலில் ஜெபத்தில் மாதாவிடம், பிறகு மஸ்கட்டில் வேலை பார்க்கும் கணவன் ஜெபதாஸிடம், கடைசியாக அண்ணன் சூசையிடம். மாதா வாய் திறந்து பதில் சொல்வதில்லை. ஜெபதாஸ், "உனக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடிச் செய்யி" என்பான். ஆகவே கடைசியில் நடப்பது எப்போதும் அண்ணன் சொன்னதுதான்.

நான்கு வருடத்துக்கு முன் அம்மா இறந்ததும், புதுக்கடைக்குப் பக்கத்தில் இருந்த குடும்பச் சொத்தில் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். அதுவும் அண்ணன் சொன்னதுதான். ஒரே ஆள் பெயரில் இருந்தால்தான் பேங்கில் லோன் கிடைக்கும், பழைய வீட்டை எடுத்துக் கட்டலாம் என்றார். "வீட்டுக்குப் பின்னால உள்ள அஞ்சு சென்ட் உனக்குள்ளது பிள்ளே. ஜெபதாஸ் வந்து வீடு வைக்கும்பம் எழுதித் தாறேன்" என்றும் சொன்னார்.

பதினாறு வருடம் வாடகை வீட்டில் அடுத்தவன் சுவரில் ஆணி அடிக்கப் பயந்து வாழ்ந்தவளுக்கு அந்த அஞ்சு சென்ட் போதாதா? சந்தோஷத்தில் அவளுக்கு அன்று இரவு உறக்கமே வரவில்லை. எழுத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கூடப்பிறந்தவரிடம் கேட்கக்கூடிய பெண்ணா அவள்?

அடுத்த வருடம் லீவில் வந்த ஜெபதாஸ், குழித்துறையிலிருந்து ஒரு ரம்புட்டான் ஒட்டுக்கன்று வாங்கி வந்தான். "நம்ம மண்ணுல நம்ம மரம் ஒண்ணு நிக்கட்டும்" என்றான். செசிலி கன்றை எடுத்துக்கொண்டு நேராக அண்ணனிடம் போனாள்.

சூசை கன்றை வாங்கி இலையைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து மண்ணை அள்ளி உதிர்த்தார். விவசாயக் கல்லூரியில் பாடம் எடுக்கிறவர் தோற்றுப்போவார், அப்படி ஒரு தோரணை.

"கன்று நல்ல கன்றுதான். ஆனா கேட்டியா பிள்ளே, காய்க்கது வரை அஞ்சு வருஷம் நீ இதுக்கு வேலைக்காரி. காய்ச்ச பெறவு வவ்வாலுக்கு வேலைக்காரி. கீரைன்னா அப்பிடியா? வெதச்சா இருபத்தஞ்சாம் நாள் சட்டியில கெடக்கும்."

"கீரையும் வைக்கலாம், மரமும் ஒரு ஓரத்துல நிக்கட்டும் அண்ணா."

"மர நெழல்ல கீரை வெளுத்துப்போவும். அது போகட்டு. நாளைக்கு நீ வீடு வைக்கும்பம் மரத்த வெட்டணுமே. தண்ணி ஊத்தின கையால வெட்டுவியா? உனக்க மனசு தாங்காது. கீரை போதும்."

தன் மனசுக்காக அண்ணன் இத்தனை யோசிக்கிறாரே என்று செசிலிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை அவளும் கேட்டிருக்கிறாள். ஓநாய்க்கு அண்ணன் முகம் இருக்கும் என்று அந்தக் கதையில் யாரும் சொல்லவில்லை. கன்றை சூசையே பைக்கில் கொண்டுபோய் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

கீரையைக் குறை சொல்லக் கூடாது. சிவப்புத் தண்டங்கீரை ஒரு பாத்தி, பச்சை ஒரு பாத்தி. சாம்பலும் சாணிப்பொடியும் போட்டு, விடியும் முன்னே நத்தை பொறுக்கி, ஆனி ஆடி மழையில் அழுகியதைப் பிடுங்கி எறிந்து மறுபடி விதைத்தாள். முதல் கட்டு எப்போதும் அண்ணன் வீட்டுச் சமையலறைக்குப் போகும். தேங்காய் சேர்த்த கீரைத் துவரன் என்றால் சூசைக்கு உயிர். ஒரு பாத்திரத்தை ஒற்றை ஆளாகக் காலி செய்வார்.

அதற்குப் பிறகும் ஜெபதாஸ் போனில் விடாமல் கேட்டான். கொய்யா வைக்கலாமா? பக்கத்துச் சுவர் வெடிக்கும் என்றார் அண்ணன். நெல்லி? முற்றத்து நெல்லி குடும்பத்துக்கு ஆகாது என்றார். ஒருநாள் செசிலி தானாகவே ஒரு யோசனையோடு போனாள்.

"முருங்கை வச்சா என்ன அண்ணா? அதும் கீரைதானே. கொம்பு குத்தினா போதும், பாடுபட வேண்டாம்."

சூசையின் முகம் சட்டென்று கறுத்தது. "கம்பளிப்பூச்சி ஏறும். ஒரு தடவ சொன்னா கேக்கமாட்டியா? மரம்னு ஒண்ணும் அங்க வேண்டாம்."

கீரைதான் நல்லது என்று இத்தனை நாள் சொன்ன மனிதர், கீரை மரமாக நின்றால் மட்டும் ஏன் கோபப்படுகிறார்? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அண்ணனைக் கோபப்படுத்திவிட்டோமே என்ற வருத்தத்தில் அவள் அடுத்த நாள் இரண்டு கட்டுக் கீரை கூடுதலாகக் கொண்டுபோனாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பத்திரத்தில் இருக்காது. ஆனால் வாங்குகிறவர்கள் பார்ப்பார்கள். விலைக்கு வருகிற மண்ணில் வேறு ஒருவர் கையால் வைத்த மரம் நின்றால், வைத்தவரைத் தேடிப்போய் "சம்மதமா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் பழைய வாக்குகளெல்லாம் வெளியே வரும். கீரைக்கு அந்த மரியாதை கிடையாது. இன்று நிற்கும், நாளை குழம்பில் கிடக்கும். செசிலிக்கு இந்த வழக்கம் தெரியாதது இல்லை. அண்ணனையும் அதையும் சேர்த்து நினைக்கத்தான் அவளுக்குத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை காலை, வழக்கம்போலக் கீரைக்கட்டோடு அண்ணன் வீட்டுப் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் போனாள். மைனி, அண்ணன் மனைவி, பூசைக்குப் போயிருந்தாள். முன்னறையில் பேச்சுக்குரல் கேட்டது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து தேங்காய் எடுக்க வரும், ஊரார் காக்கா என்று அண்ணன் முறையில் கூப்பிடும் வியாபாரி பாவாவின் குரல்.

"அஞ்சு சென்ட் எனக்குப் பிடிச்சிருக்கு சூசை. ஒண்ணு மட்டும் சொல்லு. வேற ஆளு வச்ச மரம் ஏதும் உண்டா? போன தடவ ஒரு எடத்துல அத்தை வச்ச பிலாமரம் ஒண்ணு நின்னுது. அந்த அத்தையச் சமாதானப்படுத்த எனக்கு ஒண்ணரை வருஷம் ஆச்சு."

சூசை சிரித்தார். "அந்த வேலையே இல்ல காக்கா. தங்கச்சி ரம்புட்டானும் முருங்கையும் தூக்கிட்டு வரத்தான் செய்தா. ஒண்ணயும் நான் வைக்க விடல்ல. நாளைக்கு உரிமை பேசப்பிடாதுல்லா? கீரையோட நிறுத்தியாச்சு. மகன் டிஜோவ கனடாவுக்குப் படிக்க அனுப்பணும், எனக்கும் வேற வழியில்ல."

செசிலி நின்ற இடத்திலேயே நின்றாள். நிலம் போகிறது என்பது இரண்டாவதாகத்தான் மனதில் ஏறியது. முதலில் ஏறியது வேறு. வவ்வால், சுவர், கம்பளிப்பூச்சி, உனக்க மனசு தாங்காது என்றது, எல்லாம் இதற்குத்தானா? ஒவ்வொரு தடவையும் முகத்தைப் பார்த்து, பிள்ளே என்று கூப்பிட்டல்லவா சொன்னார்? மூன்று வருடம் அவளைக் குனிய வைத்து வேலை வாங்கி, அதில் விளைந்ததையும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

கீரைக்கட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே முன்னறைக்குப் போனாள். சூசை எழுந்துவிட்டார்.

"நீ எப்பம் வந்த?"

"எனக்குன்னு சொன்ன மண்ணுதானே அண்ணா அது?"

"அதப் பெறவு பேசலாம். உள்ள போ."

"மரம் வேண்டாம்னு சொன்னது எனக்காகத்தான்னு நான் நெனச்சேன்."

சூசை பாவாவைப் பார்த்துக்கொண்டு, "கீரைக்குத்தானே சங்கடப்படுக? வேற ஒரு எடம் பாத்து நானே பாத்தி வெட்டித் தாறேன்" என்றார்.

பாவா மடியிலிருந்த பணப்பையை மெதுவாகக் கட்டினார். வியாபாரிதான், ஆனால் அடுத்தவர் வயிற்றெரிச்சலை விலைகொடுத்து வாங்குகிற ஆள் இல்லை.

"சூசை, மரம் வச்ச ஆளுகிட்ட ஒரு தடவ கேக்கணும். மரம் வைக்க வழியில்லாமப் போன ஆளுகிட்ட ரெண்டு தடவ கேக்கணும்" என்றவர், அவள் பக்கம் திரும்பினார். "மக்கா, நீ சொல்லு. இந்த மண்ண நான் வாங்குகதுல உனக்குச் சம்மதமா?"

சூசை அவளைப் பார்த்தார். கன்றின் இலையைத் திருப்பியபோது இருந்த அதே கனிந்த முகம். "சொல்லு பிள்ளே. டிஜோ உனக்கும் மகன்தானே."

அந்த முகத்துக்கு அவள் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. நாக்கு வழக்கப்படி ஆம் என்று எழும்பத்தான் பார்த்தது.

"சம்மதம் இல்ல" என்றாள்.

பாவா இரண்டாவது தடவை கேட்டார். இரண்டாவது தடவையும் அதையே சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். மண்ணுக்கு இதனால் மட்டும் அவள் பெயரில் பத்திரம் வந்துவிடாது, நாளை வேறு ஆள் வருவான் என்பது அவளுக்குத் தெரியும். அண்ணன் ஒரு வார்த்தை சொல்வார், தப்புச் செய்துவிட்டேன் என்று இல்லாவிட்டாலும் வேறு ஏதாவது சொல்வார் என்று காத்து நின்றாள்.

சூசை நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது, குரல் உடைந்திருந்தது. நடிப்பு இல்லை.

"நம்ப வச்சுக் கழுத்த அறுத்திட்டியே பிள்ளே" என்றார்.

செசிலி அவரையே பார்த்தாள். அந்த மனிதர் அதை உண்மையாகவே நம்பித்தான் சொல்கிறார் என்று தெரிந்தபோது, அவளுக்கு அழுகை கூட வரவில்லை.