எடின்பரோவில் எங்கே சாப்பிடுகிறீர்கள்

நாகலெட்சுமி அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல்தான் கொண்டுவந்தாள். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் பட்டு அந்த நீல ஏர்மெயில் தாள் அழுக்காகிவிடக் கூடாதென்று ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, வெறுங்காலைச் சாக்கில் துடைத்துவிட்டு, ஜமால்தீன் நானாவின் கடைக்குள் வந்தாள். மஸ்கெலியாவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சுற்றுத் தோட்டத்துச் சனமெல்லாம் கடைத்தெருவில்தான் நிற்கும். வாரநாளில் நான் நானாவுக்குக் கடிதம் எழுதுகிறவன். ஞாயிறன்று அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் மேசையை இழுத்துப்போட்டுத் தோட்டத்து ஆட்களுக்கு எழுதுவேன், வந்ததை வாசித்தும் சொல்வேன்.

"வாசிங்கண்ணே," என்றாள். "எங்க அண்ணன் வெளிய நிக்கிறாரு. இன்னைக்கு நான் ஒரு முடிவு சொல்லணும்."

அவள் புருஷன் அழகுமுத்து, துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். ஐம்பத்தேழில் துரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பியபோது, இரண்டு வருஷத்தில் அனுப்பிவிடுவதாகச் சொல்லி அவரையும் எடின்பரோ பட்டணத்துக்குக் கூட்டிப் போனார். இப்போது அறுபது, மாசி மாதம். அவளுடைய அண்ணன் இராமையா இந்தியாவுக்கே போகிறார்; அவருக்கும் அவளுக்கும் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. பங்குனியில் கப்பல். தங்கச்சி கூட வருவதென்றால் நாளைக் காலை தோட்டத்து ஆபீசில் அவள் பேரையும் வெட்டச் சொல்ல வேண்டும். பேர் வெட்டினால் வேலையும் இல்லை, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் இல்லை.

அழகுமுத்து மூன்றாம் வகுப்போடு நின்றவர். எழுதுவதென்றால் அவருக்கு மலை ஏறுகிற மாதிரி. அதனால் முதல் கடிதத்திலேயே நான் ஓர் ஒழுங்கு செய்திருந்தேன். கேட்க வேண்டியதை நம்பர் போட்டுக் கேட்பது, அவர் அதே நம்பரைப் போட்டு இரண்டு வரி பதில் எழுதுவது. எங்கே சாப்பிடுகிறீர்கள், என்ன குடிக்கிறீர்கள், லீவு நாளில் எங்கே போகிறீர்கள், யாரோடு பழக்கம், குளிருக்கு என்ன உடுக்கிறீர்கள், உடம்பு எப்படி. ஆறும் போன பிறகு ஏழாவது: எப்போது வருகிறீர்கள். குசலமெல்லாம் விசாரித்துவிட்டு முக்கியமானதைக் கடைசியில் கேட்பதுதான் மரியாதை என்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். இதுவரை நாங்கள் ஐந்து கடிதம் போட்டோம். நான்கு பதில் வந்திருந்தது. நான்கிலும் ஆறு வரைக்கும்தான் இருந்தது.

பேனாக்கத்தியால் ஓரங்களை அறுத்துப் பிரித்து வாசித்தேன்.

"ஒன்று. பகல் சாப்பாடு முனைக் கடையில். மீனும் உருளைக்கிழங்கும் பொரித்துப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தருவார்கள். நின்றபடியே தின்ன வேண்டும். ராத்திரிக்கு வங்காளத்துச் சாயபு கடை திறந்திருக்கிறது. சோறு உண்டு. உறைப்பு இல்லை."

"பேப்பர்ல சுத்துனா மையும் சேந்துல்ல வயித்துக்குள்ள போகும்," என்றார் நானா, தராசில் பருப்பைக் கொட்டியபடி.

"இங்க நீங்க கருவாட்ட எதுல சுத்தித் தாறீங்க நானா?" என்றாள் அவள். நானா பருப்பைப் பேப்பரில் கட்டினார்.

"இரண்டு. தேத்தண்ணிக் கடையில் பெண்கள்தான் கொண்டுவந்து வைப்பார்கள். சாயம் இறங்க முன்னமே பாலை ஊற்றிவிடுகிறார்கள். சாராயக் கடை தெருவுக்கு நாலு. ஞாயிறு எல்லாம் பூட்டு."

"ஞாயித்துக்கிழம பூட்டா?" அவள் முகம் மலர்ந்தது. "நல்ல ஊருதான்."

"சனிக்கிழம தெறந்துதானே தங்கச்சி இருக்கும்?"

"நீங்க சும்மா இருங்க நானா. ஒங்ககிட்ட யாரு கேட்டா?"

"மூன்று. ஞாயிறு பெரிய பூந்தோட்டத்துக்குப் போவேன். காசு இல்லை. அங்கே கண்ணாடி வீடு கட்டி உள்ளே சூடு வைத்து நம்ம பக்கத்து மரமெல்லாம் வளர்க்கிறார்கள். தேயிலைச் செடி ஒன்று நிற்கிறது. ஆள் உயரம். யாரும் கொழுந்தெடுப்பதில்லை. பூத்திருக்கிறது. அதன் பக்கத்தில் பெஞ்சு இருக்கிறது. பூட்டுகிற வரைக்கும் இருப்பேன்."

நாகலெட்சுமி சிரித்தாள். "கவ்வாத்து வெட்டாம ஒசரமா வளர விட்ருக்காங்க. அங்க கங்காணி யாரும் இல்லயாக்கும்." பிறகு, "அத இன்னொரு தரம் வாசிங்க," என்றாள். வாசித்தேன். பெஞ்சு என்ற இடம் வந்தபோது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு, ஐந்து, ஆறு. சாயபுவோடு பழக்கம், துரையின் பழைய கோட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லை. அதோடு இப்படிக்கு. தாளைத் திருப்பிப் பார்த்தேன். முகவரி தவிர ஒன்றும் இல்லை.

"ஏழு இல்லயா?" என்றாள் நாகலெட்சுமி.

"இல்ல."

வாசலில் குடையை ஊன்றி நின்ற இராமையா எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள, எழுதியிருக்கானா?" அவள் கையை மட்டும் அசைத்தாள், பொறு என்பது போல.

அந்த நேரம் நானாவுக்கும் தபால்காரர் முந்தின நாள் கொடுத்த ஒரு நீலத்தாள் ஞாபகம் வந்திருக்க வேண்டும், சிங்கப்பூரில் இருக்கிற மருமகன் ராசிக் போட்டது. கல்லாவிலிருந்து எடுத்து, பெருவிரலை மடிப்புக்குள் விட்டு ஒரே இழுப்பாக இழுத்தார். பசை போட்ட ஓரம் கந்தலாகக் கிழிந்து வந்தது. அதில் பாதி எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்த மடிப்புல எழுதாதடான்னு எத்தன தரம் சொல்றது! கடைசி வரிய ஒரு நாளும் நான் முழுசா வாசிச்சதில்ல." கிழிந்த துண்டை உருட்டி வாசலுக்கு எறிந்தார்.

எழுதுகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் வைத்துக்கொள்வது என் வழக்கம். எந்தப் பக்கத்தில் எந்த வரி என்றுகூடக் குறித்திருப்பேன். நகல் எழுதிவைத்த கொப்பியைப் புரட்டினேன். உறை இல்லாமல் மடித்து ஒட்டுகிற இந்தத் தாளில் இடம் குறைவு. ஆறு கேள்வியும் அவள் சொல்கிற லயத்துச் சேதிகளும் உள்பக்கத்தை நிறைத்துவிடும். மிச்சத்தை எங்கே எழுதினேன் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. ஏழு, பசை போட்ட மடிப்பில். ஐந்து கடிதத்திலும் அப்படித்தான்.

மறைத்திருக்கலாம். மறைக்க முடியவில்லை. கொப்பியை அவள் பக்கம் திருப்பி, வாசிக்கத் தெரியாத அவளுக்கு விரல் வைத்துக் காட்டிச் சொன்னேன். அழகுமுத்துவும் நானாவைப் போலப் பெருவிரலால் பிரிக்கிறவராக இருந்தால் அந்தக் கேள்வியை அவர் பார்த்தே இருக்க மாட்டார். பிழை என்னுடையது.

"அப்ப அவருக்குத் தெரியாது," என்றாள் மெதுவாக.

"தெரியாமலும் இருக்கலாம். வாசிச்சிட்டு விட்டிருக்கவும் கூடும். என்னால உறுதியா சொல்ல முடியல தங்கச்சி. இப்பவே எழுதுறேன். அத ஒண்ணாம் கேள்வியா மேல போட்ருவோம். வேற ஒண்ணும் வேண்டாம்."

புதுத் தாளை எடுத்து மைக்கூட்டைத் திறந்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"வேணாம்ணே. எங்க போறீங்கன்னுதான் கேட்டோம். தேயில பூத்திருக்கான்னு கேட்டோமா? அத அவராத்தானே எழுதுனாரு. இதையும் அவராச் சொல்லட்டும்."

"அப்ப என்னத்த எழுத?"

"நம்பர் போடாதீங்க. நான் சொல்றத எழுதுங்க." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மூட்டையில் உட்கார்ந்தாள். "ஹட்டன்ல ரயில விட்டு எறங்குனா முன்னால இருக்கிற கடையில சோறு திங்காதீங்க, எண்ணெ நாறுது. தேத்தண்ணி மட்டும் குடிங்க. சாயம் நல்லா எறக்கி ஊத்தச் சொல்லுங்க. பஸ்ல பின்னால உக்காராதீங்க, ஒங்களுக்கு வளைவுல தல சுத்தும். மஸ்கெலியாவுல எறங்கி நானா கடைக்கு வாங்க. ரொட்டியும் சம்பலும் குடுப்பாரு."

"நான் எங்க ரொட்டி விக்கிறேன்?" என்றார் நானா.

"வீட்ல அசீசா அக்கா சுடுறாங்கல்ல."

"சரி, எழுது தம்பி."

"கோயிலுக்குப் போயிட்டு வாங்க. வெளிய போகன்னா இங்க அது ஒண்ணுதான். மேல் பாதை மழையில சரிஞ்சிருச்சு, ஆத்தோரமா சுத்தி வாங்க. ஆறாவது காம்பரா. கதவு மாத்தியாச்சு. பச்ச."

உள்பக்கம் நிறைந்தது. மடிப்பு மட்டும் பாக்கி. பழக்கத்தில் பேனா அங்கே போய் நின்றது. "பச்சக் கதவுக்குப் பின்னால யாரு இருப்பாங்கன்னு எழுதவா?" என்று கேட்டேன்.

அவள் வெளியே பார்த்தாள். இராமையா குடையை விரித்திருந்தார். மழை தூறத் தொடங்கியிருந்தது.

"அந்த எடத்த அப்படியே விட்ருங்க."

தாளை மடித்து அவளிடம் கொடுத்தேன். இந்தத் தடவை அவள் ஓரத்தைப் பிடிக்கவில்லை. நாக்கில் தொட்ட விரலால் பசையை நனைத்து, மடிப்பை மேசையில் வைத்து, பெருவிரலால் ஊன்றி அழுத்தினாள்.

"என்ன புள்ள, பேரு வெட்டச் சொல்லவா, வேணாமா?" வாசலிலிருந்து குரல் வந்தது.

"வாறேன்," என்றாள். ஆனால் விரலை எடுக்கவில்லை. எடுத்தபோது, ஐந்து கடிதமாக நான் ஏழு என்று எழுதிய அந்த இடத்தில் அவளுடைய பெருவிரல் ரேகை கொழுந்துக் கறையில் கறுப்பாகப் பதிந்திருந்தது.