பிளாமெனின் ஓரக்கண்

ஆகஸ்ட் அமாவாசைக்கு, நட்சத்திரம் பார்ப்பதற்காக, ரோடோபி மலைப் புல்வெளியில் நாங்கள் கூடாரம் போடுவது வழக்கம். சுற்றுவட்டாரத்தில் ஒரு தெருவிளக்குகூடக் கிடையாது, அதற்காகவே போகிறோம். அந்த வருஷம் பிளாமென் வருவான் என்று யாரும் நினைக்கவில்லை.

பிளாமென் ரயில் எஞ்சின் ஓட்டியவன். முந்தைய குளிர்காலத்தில் அவனுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. எதை உற்றுப் பார்த்தாலும் அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. சுற்றியிருப்பது மட்டும் தெரியும். எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது, தொப்பியும் காதும் தெரியும். வேலை போயிற்று, கார் ஓட்டுவதும் போயிற்று. மனைவி ஸ்நெஜானாதான் வண்டியை ஓட்டி வந்தாள். பின்னால், அவன் கையாலேயே செய்த பீப்பாய் பருமனில் ஒரு தொலைநோக்கி.

"இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டான் கொஸ்தாதின். பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன். பிளாமெனோடு போட்டி போட்டே நண்பன் ஆனவன்.

"அவளைக் கேளு. நான் வந்தது பீன்ஸ் கிண்ட. வானத்தை நீங்களே வெச்சுக்குங்க," என்றான் பிளாமென்.

"போன வருஷம் உன் பீன்ஸைத் தின்னுட்டு பாதி ராத்திரி புதருக்குப் பின்னாடி கழிஞ்சுதுடா."

"அங்கேருந்தும் வானம் தெரிஞ்சுதுல்ல?"

எல்லோரும் சிரித்தோம். ஸ்நெஜானா சிரிக்கவில்லை. வண்டியிலிருந்து பாகங்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷமும் அந்தத் தொலைநோக்கியில் ஒரு முறைகூட எட்டிப் பார்க்காதவள் அவள். பிளாமென் உதவிக்கு வரவில்லை. நானும் கொஸ்தாதினும் சேர்ந்து அவளோடு பொருத்தினோம்.

கண் இருட்டுக்குப் பழக வேண்டும் என்பதால், இருட்டியதும் முகாமில் சிவப்பு விளக்கு தவிர வேறு வெளிச்சம் கூடாது. பிளாமென் எங்களுக்கு முதுகைக் காட்டி அடுப்பருகே உட்கார்ந்திருந்தான். கொஸ்தாதின் பெகாசஸ் நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பி, மங்கலான ஒரு கேலக்ஸியைப் பிடித்து வைத்தான். ஸ்நெஜானா ஏணியில் ஏறிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லையே. கறுப்பா இருக்கு."

"இருக்கு, நல்லா உத்துப் பாரு."

"உத்துத்தான் பாக்கிறேன்."

அடுப்புப் பக்கமிருந்து எரிச்சலான குரல் வந்தது. "வாத்தியாரா நீ? ஒழுங்கா சொல்லிக் குடுடா. ஸ்நெஜா, அதை நேரா பாக்காத. மங்கலானது நேரா பாத்தா மறைஞ்சுடும். பக்கத்துல ஒரு நட்சத்திரம் இருக்கும், அதைப் பாரு. ஓரக்கண்ல தானா வரும்."

கொஞ்ச நேரம் கழித்து, "வந்துடுச்சு," என்றாள் அவள். "புகை மாதிரி."

கொஸ்தாதின் அடுப்பைப் பார்த்துத் திரும்பினான். "பிளாமென், இப்ப என்ன சொன்ன?"

"காதுல விழலையா?"

"எனக்கு விழுந்துச்சு. உனக்கு விழுந்துச்சா?"

கரண்டிச் சத்தம் நின்றது. இருட்டில் கண்ணின் நடுப்பகுதிக்கு மங்கலானது தெரியாது, ஓரத்துக்குத்தான் தெரியும் என்பது எங்கள் எல்லோருக்கும் அத்துப்படி. அவனுக்கும்தான். ஆனால் டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவன் தன் கண்ணில் போனதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தான் போல.

"பீன்ஸ் அடிப்பிடிக்கும்," என்றான்.

நான் போய்க் கரண்டியை வாங்கிக்கொண்டேன்.

"நீ கிண்டினாலும் அடிப்பிடிக்கும், வியோலெத்தா," என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

ஏணியைத் தடவி ஏறினான். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிடுவானோ என்று நானும் கரண்டியோடு ஏணிப் பக்கம் வந்துவிட்டேன். ஸ்நெஜானா ஏணியின் காலைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாய்வா இருக்கு," என்றான் கடைசியில். "நீளமா. ஒரு பக்கம் மட்டும் சட்டுனு வெட்டின மாதிரி முடியுது." அப்புறம் அவன் குரல் உடைந்தது. யாரும் கிட்டே போகவில்லை. அவன் இறங்கும்வரை காத்திருந்தோம். பீன்ஸ் தீய்ந்துபோயிற்று.

எல்லாமே கைகூடிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பிறகு சனிக் கோளைக் காட்டினோம். வளையம் இருக்க வேண்டிய இடத்தில் அவனுக்குச் சாம்பல் திட்டுதான். இறங்கி வந்து கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தான். அதோடு, எதைத் தேடவும் முதலில் வழிகாட்டி நட்சத்திரத்தை நேராகக் குறிபார்க்க வேண்டும். அது இனி அவனால் ஆகாது. அடுத்த நாளிலிருந்து ஸ்நெஜானா குறிபார்த்தாள், அவன் வழி சொன்னான்.

"இடப்பக்கம் கொஞ்சம்."

"எந்த இடப்பக்கம்?"

"உலகத்துல எத்தனை இடப்பக்கம் இருக்கு? இதுல எல்லாம் தலைகீழாத் தெரியும்னு சொன்னேனே."

"நீ ரயில் ஓட்டினவன், தண்டவாளம் வழி காட்டியிருக்கும். இங்க வந்து ஓட்டிப் பாரு."

பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் இடம் மாறிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடாரத்தைச் சுருட்டியபோது ஸ்நெஜானாவும் பிளாமெனும் கிளம்பவில்லை. உதவியில்லாமல் ஒரு கேலக்ஸியையாவது பிடித்துவிட்டுத்தான் வருவேன் என்றாள் ஸ்நெஜானா. அடுத்த வாரக் கடைசியில் எனக்குப் போன் செய்தாள்.

"புடிச்சுட்டேன். ரொம்ப நேரம் ஆயிடுச்சு, அதுக்குள்ள அவன் நாற்காலியிலேயே தூங்கிட்டான்."

"எழுப்பினியா?"

"எழுப்பினேன். அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நான் மட்டும் பாத்தேன். அவன்கிட்ட சொல்லிடாத."