மண்டி

நகக்கண்ணில் இருந்த சேறு மட்டும் போகவே மாட்டேன் என்றது. மகள் பழைய பல் பிரஷ்ஷில் சோப்பைத் தோய்த்து அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுடி. பொணத்துக்கு என்னடி அழகு வேண்டிக் கெடக்கு?" என்றாள் அம்மா. சொன்ன வாய் மூடுமுன் மற்றொரு கையை எடுத்து அவளும் தேய்க்க ஆரம்பித்தாள்.

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது மேலே வரும் சேறு அது. அந்தக் குழியில் இடுப்பளவு இறங்கி வாரியவர் அப்பா. கையுறை கிடையாது, முகமூடி கிடையாது. 'அபாயமற்ற கழிவு' என்று சான்று இருக்கும்போது அதெல்லாம் எதற்கு என்பார் மேலாளர். இருமி இருமியே மனிதர் போய்ச் சேர்ந்தார்.

சான்று வாங்கும் வித்தை அங்கே எல்லோருக்கும் தெரியும். சோதனைக்கு ஆள் வருமுன்பே குழியைக் கலக்கும் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். விஷமெல்லாம் மண்டியாக அடியில் போய்ப் படிந்துவிடும். வந்தவர்கள் மேலாக மொண்டுகொண்டு போவார்கள். மோட்டாரைப் பார்த்துக்கொள்வது மகளின் வேலை. ஒவ்வொரு முறையும் அதை நிறுத்தியவள் அவள்தான்.

மேலாளர் மாலையோடு வந்தார். போட்டார், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். பிறகு மகளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. மோட்டார் ரூம் சாவி உங்கிட்டதானே இருக்கு? சாம்பிள் எடுக்க இப்ப வந்துடுவாங்க. எவனாவது தெரியாம போட்டுத் தொலைச்சா வம்பு."

"எங்கயோ வெச்சுட்டேன் சார். உக்காருங்க, தேடித் தர்றேன்."

சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது.

பின்வாசல் வழியாக, கம்பிவேலி இடுக்கில் நுழைந்து குழிக்குப் போனாள். குழி மேலே தெளிந்து, நல்ல பிள்ளை மாதிரிக் கிடந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மோட்டார் அறையைத் திறந்து சுவிட்சை அழுத்தினாள். மோட்டார் கமறிக்கொண்டு கிளம்பியது. அடியிலிருந்த கருப்பு கொழகொழவென்று மேலே வந்தது. அப்பாவின் சட்டையில் அடிக்கும் அதே நாற்றம்.

"வாடா வெளிய," என்றாள்.

அறையைப் பூட்டித் திரும்பும்போது சோதனைக்காரர்களின் வண்டி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

"அப்பாவப் போட்டுட்டு எங்கடி போன?" என்றாள் அம்மா.

"சாவி தேடப் போனேம்மா." மேலாளரின் உள்ளங்கையில் சாவியை வைத்தாள். "இந்தாங்க சார். கெடச்சிருச்சு."

அவர் பெருமூச்சு விட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பாடையைத் தூக்கினார்கள். வீட்டிலிருந்து பெரிய தெருவுக்கு ஒரே சந்து. இருவர் சேர்ந்து நடந்தால் தோள் உரசும். பாதிச் சந்தில், அழுகைச் சத்தத்துக்கு நடுவே, மேலாளரின் போன் அடித்தது.

"என்னது, ஓடுதா? மொண்டுட்டாங்களா? இன்னும் ரெண்டு எடத்துல எடுக்கணுமா? எவன்டா போட்டது!"

சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. அவருடைய கார் சந்து முனையில் நின்றது. நடுவில் பாடையும் ஊர் ஜனமும்.

"கொஞ்சம் வழி விடுங்க... அவசரம்... வழி விடுங்கப்பா!"

ஒருவரும் நகரவில்லை. பிணத்தை முந்திக்கொண்டு எவன் ஓடுவான்?

பாடையின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கியிருந்த மகள் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் வந்த சித்தப்பாவிடம் மட்டும் சொன்னாள்.

"மெதுவா போங்க சித்தப்பா. அப்பாவுக்கு இடுப்பு வலி."